படையல் சோற்றில் சிவப்பு

சின்னநைனா இறந்த பிறகு அவர் படுத்திருந்த அறையிலிருந்து வெளியே போன பொருள் ஒன்றே ஒன்றுதான். மூச்சு மிஷின். அது வாடகைக்கு எடுத்தது. சித்தூரிலிருந்து வந்த ஆள் அதைத் துடைத்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். மிஷினோடு பொருத்தியிருந்த பிளாஸ்டிக் பாட்டிலையும் அதன் குழாயையும் மட்டும் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டான். ஒருவர் மூச்சுக்குப் போனதை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாதாம். பாட்டிலில் பாதியளவு தண்ணீர் அப்படியே நின்றது.

மிஷின் இழுத்துக்கொடுக்கும் காற்று அந்தத் தண்ணீருக்குள் புகுந்து, குமிழ் விட்டு, ஈரமாகி, ஒரு குழாய் வழியாக சின்னநைனாவின் மூக்குக்குப் போகும். எங்கள் பக்கம் நைனா என்றால் அப்பா; சின்னநைனா என் சித்தப்பா. சித்தூர் சாலையில் கிரானைட் பலகைகளுக்குப் பாலிஷ் போடும் பட்டறையில் அவர் வேலை பார்த்தார். கல்தூள் நெஞ்சில் படிந்து இறுகிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடைசி மாதங்களில் எங்கள் வீட்டில் இரவும் பகலும் கேட்ட சத்தம் அந்தக் குமிழ்ச் சத்தம்தான். அது நின்றால் கரண்டு போய்விட்டது என்று பொருள். உடனே எல்லோரும் அறைக்கு ஓடுவார்கள்.

மிஷின் வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அதைப் பொருத்திய ஆள் வாசற்படியில் நின்று சின்னநைனாவின் அண்ணன் பெரியநைனாவிடம் தெலுங்கில் ஏதேதோ சொன்னான். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் என்றான். தினமும் கழுவ வேண்டும் என்றான். பெரியநைனா கரண்டு மீட்டரைப் பார்த்தபடியே 'சரே, சரே' என்று தலையாட்டினார். நான் அவர் காலடியில் உட்கார்ந்து மிஷின் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து விளையாடிக்கொண்டிருந்தேன். சின்னம்மா உள்ளே தன் புருஷன் சின்னநைனாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு பாட்டிலுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை அவளுடையது. தண்ணீர் குறையும்போதெல்லாம் சமையற்கட்டுக் குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு ஊற்றுவாள்.

பாகாலாவிலிருந்து சித்தூர் போகும் வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்தது எங்கள் ஊர். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வீட்டில் தமிழ். என் அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டிட வேலையில் இருந்தார்கள். நான் பெரியநைனா வீட்டில் வளர்ந்தேன். சின்னம்மாவுக்குப் பிள்ளை இல்லை. இரவில் நான் அவள் பக்கத்தில்தான் படுப்பேன். என் முதுகை அவள் வயிற்றோடு ஒட்டிக்கொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது. ஆகையால் அந்த மழைக்காலத்தில் அவள் வீட்டில் இருப்பாளா, அனுப்பப்படுவாளா என்று பேச்சு எழுந்தபோது அது எனக்குப் பெரியவர்களின் விவகாரமாகத் தோன்றவில்லை.

ஒருநாள் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து மதியமே திரும்பிவிட்டேன். வீட்டில் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. சாத்தியிருந்த அறைக்குள்ளிருந்து குமிழ்ச் சத்தம் வந்தது. மிஷின் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் ஓடவில்லை. கூடத்திலேயே நின்றேன். சத்தம் நின்றது. சிறிது இடைவெளி விட்டு மறுபடி தொடங்கியது. யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்வதுபோல் இருந்தது.

ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். வெறும் கட்டிலில் சின்னம்மா உட்கார்ந்திருந்தாள். பாட்டில் அவள் மடியில். குழாயை வாயில் வைத்து மெல்ல ஊதிக்கொண்டிருந்தாள். தண்ணீருக்குள் குமிழ்கள் எழுந்தன. அவள் கண் மூடியிருந்தது. பாட்டிலின் உட்புறத்தில், தண்ணீர் மட்டம் தொடும் இடத்தில், இளஞ்சிவப்பாக ஒரு கோடு வளையமாகப் படிந்திருந்தது. குங்குமம் விழுந்து கரைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தவள் என்னைப் பார்த்தாள். திடுக்கிடவில்லை.

"இந்த சத்தம் இல்லன்னா வூடு வூடாவே இல்லடி. உள்ள வா, இன்னா ஒடம்பு சுடுது?" என்றாள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவருக்கு வருஷம் திரும்பும்வரை ஒவ்வொரு அமாவாசையும், அவர் உயிர் போன அறையிலேயே படையல் வைப்பார்கள். இலையில் சோறு, வேகவைத்த உருளைக்கிழங்கு, அவருக்குப் பிடித்தது ஏதாவது. இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டு, சோற்றின் மேலும் நாலு துளி தெளித்துக் கதவைச் சாத்துவார்கள். மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் திறப்பார்கள். அதுவரை உள்ளே யாரும் போகக் கூடாது. வந்தவர் நிதானமாகச் சாப்பிட வேண்டும். திறந்ததும் பெரியவர்கள் குனிந்து சோற்றைப் பார்ப்பார்கள். ஒரு மூலை அமுங்கியிருந்தால் கை வைத்திருக்கிறார் என்று பொருள். எறும்பு வந்திருந்தாலும் அவர் வந்ததாகத்தான் கணக்கு. அந்த விஷயத்தில் எங்கள் வீட்டார் தாராளமானவர்கள்.

முதலில் வந்த அமாவாசைகளுக்குப் பெரியம்மாதான் படைத்தாள். கார்த்திகை அமாவாசைக்கு அவளுடைய பிறந்த வீட்டில் ஒரு சாவு விழுந்து தீட்டு வந்துவிட்டது. அதனால் சின்னம்மா படைத்தாள். இலையைத் தூக்கிக்கொண்டு போனது நான். சோற்றைக் குவித்து, மேலே தட்டையாக்கி, பக்கத்தில் கிழங்கை உரித்து வைத்தாள். சொம்பில் தண்ணீர் தயாராக இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. ஜன்னல் கட்டையிலிருந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள். இலையைச் சுற்றி விட்டாள். மீதியை விரல்களால் சோற்றின் மேல் தெளித்தாள்.

"அவரு கடைசியா இழுத்த காத்தெல்லாம் இதுக்குள்ளாற வந்ததுதானே," என்றாள். என்னிடம் சொன்னாளா, இலையிடம் சொன்னாளா தெரியாது. எனக்கு அது நியாயமாகவே பட்டது.

மறுநாள் முழுக்க மழை பெய்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் பெரியநைனா கதவைத் திறந்தார். பெரியம்மா தீட்டுக்காக வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். அறைக்குள் ஈர நெடி அடித்தது. பெரியநைனா டார்ச்சை அடித்துக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

வெள்ளைச் சோற்றின் மேல் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. மிளகளவு சில, கடுகளவு சில. ஈரமாக, பளபளப்பாக. ஒரு பக்கம் தொடங்கி மறு பக்கம் வரை வளைந்த ஒரு வரிசையில் விழுந்திருந்தன. உரித்த கிழங்கின் மேலும் இரண்டு. கையை வீசித் தெளித்தால் எப்படி விழுமோ அப்படி.

"இன்னா அது?" என்று வெளியிலிருந்து பெரியம்மா கேட்டாள்.

பெரியநைனா டார்ச்சை ஓரமாகப் பிடித்து அவளுக்கு வழி விட்டார். பார்த்த பெரியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எல்லோருக்கும் பின்னால் நின்றிருந்த சின்னம்மா மட்டும் இலைக்கு அருகே போய் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. அவளைக் கட்டிக்கொண்டு தூங்குகிற எனக்கு அது தெரியும்.

"வந்துக்கிறாரு," என்றாள் மெதுவாக.

"வந்து ரத்தம் கக்கிட்டுப் போனாரா?" என்றாள் பெரியம்மா. "ஏம்மே, நாலு மாசமா நான் வெச்சேனே. சோறு சோறாத்தான இருந்துது. நீ வெச்ச அன்னிக்கி எப்பிடி ரத்தம் ஆச்சி?"

பெரியநைனா அவ்வளவு நேரமும் யோசித்துக்கொண்டிருந்தார். பேயை நம்பாதவர் என்று ஊரில் அவருக்குப் பெயர் உண்டு. சோற்றை இறந்தவர் தொட்டாரா என்று குனிந்து பார்ப்பது வேறு, பேயை நம்புவது வேறு என்று அவர் பிரித்து வைத்திருந்தார்.

"செத்தவன் ஒண்ணும் பண்ண மாட்டான்," என்றார். "உசுரோட கீறவங்கதான் பண்ணுவாங்க. இது கோழி ரத்தம். எவளோ தெளிச்சிருக்கா."

எவளோ என்றார். அறைக்குள் கடைசியாகப் போனவர்கள் இரண்டு பேர்தான். அதில் ஒருத்திக்கு ஒன்பது வயது.

சின்னம்மா பாட்டில் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நோயாளியின் மூச்சுப்பட்ட தண்ணீரைப் படையலில் விட்டது எங்கள் வீட்டில் எச்சில் கணக்கில் சேரும். ரத்தப் பழிக்கு அதுவே தேவலை என்று இப்போது தோன்றுகிறது. அன்று அவளுக்கு எப்படித் தோன்றியதோ. என்னை யாரும் கேட்கவில்லை.

சோற்றைக் கொட்டிவிட வேண்டும் என்றாள் பெரியம்மா. கொட்டக் கூடாது என்றார் பெரியநைனா. சாட்சி வேண்டுமாம். சிவந்த பாகத்தை ஒரு டிபன் டப்பாவில் அள்ளி அறையிலேயே வைத்தார். இரண்டாம் நாள் திறந்து பார்த்தபோது புள்ளிகள் காசளவு ஆகியிருந்தன. மூன்றாம் நாள் சில ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. கோழி அறுத்த இடத்தை நான் பார்த்திருக்கிறேன். ரத்தம் காய்ந்தால் கறுத்துப்போகும். இது காயவும் இல்லை, கறுக்கவும் இல்லை. சிவந்துகொண்டே போனது. அந்த டப்பா இருந்த அறையைத் தாண்டித்தான் நான் கொல்லைக்குப் போக வேண்டும். அந்தச் சில நாட்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு போனேன்.

அமாவாசைக்கு முந்தின நாள் சின்னம்மா தனியாகப் பாகாலா சந்தைக்குப் போயிருந்தது இப்போது பெரியம்மாவுக்கு நினைவுக்கு வந்தது. கொல்லையில் ஒரு கோழி இறகும் கிடைத்தது. கொல்லையில் எப்போதும் கிடப்பதுதான். சின்னநைனாவின் பங்கு நிலம் இன்னும் பிரிக்கப்படாமல் இருந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் அதைப் பற்றிப் பேசாமல் இருந்தார்கள் என்பது எனக்கே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அவளை வடமாலபேட்டையில் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வருவதென்று பெரியநைனா முடிவு செய்தார்.

அதற்கு முன்பே, வெள்ளிக்கிழமை மாலை, அக்கா வந்து சேர்ந்தாள். பெரியநைனாவின் மகள். திருப்பதியில் பெண்கள் விடுதியில் தங்கி, ப்ளஸ் டூவுக்குச் சமமான இன்டர் படித்துக்கொண்டிருந்தாள். டாக்டருக்குப் படிக்கப் போகிறவள் என்பதால் வீட்டில் அவள் பேச்சுக்கு ஒரு எடை இருந்தது. அவளுக்குப் பரீட்சை. வந்ததும் கூடத்தில் நடந்துகொண்டே மனப்பாடம் செய்ய ஆரம்பித்தாள்.

"புரோகேரியோட், நியூக்ளியஸ் ஆப்சென்ட். யூகேரியோட், நியூக்ளியஸ் பிரசென்ட். புரோகேரியோட், சைஸ் ஸ்மால். யூகேரியோட், சைஸ் லார்ஜ்."

ஆப்சென்ட், பிரசென்ட் இரண்டும் எனக்குத் தெரிந்த சொற்கள். பள்ளியில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது கேட்பவை. வராதவர்களின் பெயரை அக்கா மறுபடி மறுபடி கூப்பிடுவதாகவும், அவர்கள் வரவே இல்லை என்பதாகவும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கூடத்தை அடுத்து அந்த அறை. அறைக்குள் டப்பா. அக்கா திரும்பும்போதெல்லாம் அவள் நிழல் அந்தக் கதவில் ஏறி இறங்கியது.

நடந்ததைப் பெரியம்மா சொன்னாள். அக்கா டப்பாவைத் திறந்து பார்த்து மூக்கைச் சுளித்தாள்.

"கோழி ரத்தம்னு எப்பிடிச் சொல்றே நைனா?"

"பாத்தா தெரியல?"

"பாத்தாதான் தெரியும். மைக்ராஸ்கோப்ல. கோழி ரத்தத்துல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் கரு, அதான் நியூக்ளியஸ், இருக்கும். மனுஷ ரத்தத்துல சிவப்பு செல்லுக்குக் கரு கெடயாது. வெச்சிப் பாத்தா கோழியா மனுஷனான்னு சொல்லிடலாம். நாளைக்கு எங்க காலேஜ்ல ப்ராக்டிகல் கீது. மேடத்த கேக்கறேன்."

பெரியநைனாவுக்கு அது பிடித்திருந்தது. காலேஜ் சொன்னால் ஊர் வாயை மூடிக்கொள்ளும். ஆனால் அவர் ஒரு காரியம் சேர்த்துக்கொண்டார். சின்னம்மாவும் வர வேண்டும், துணிப் பையோடு. கோழி ரத்தம் என்று தெரிந்துவிட்டால் அங்கிருந்தே புத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிடலாம்; போகும் வழியில்தான் வடமாலபேட்டை. இன்னொரு நாள் வேலை கெட வேண்டியதில்லை.

காலையில் சின்னம்மா பை கட்டினாள். நாலு புடவை, சீப்பு, சின்னநைனாவின் போட்டோ. கடைசியாக ஜன்னல் கட்டையிலிருந்த பாட்டிலை எடுத்து, மூடியை இறுக்கி, ஒரு துண்டில் சுற்றிப் புடவைகளுக்கு நடுவில் நிறுத்தி வைத்தாள். நானும் கூட வருவேன் என்று அழுதேன். விட்டுவிட்டுப் போனால் பின்னாலேயே ஓடிவருவேன் என்று தெரிந்து பெரியநைனா கையைப் பிடித்துக்கொண்டார். டிபன் டப்பா அக்காவின் மடியில், பை சின்னம்மாவின் மடியில். பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் பைக்குள் தண்ணீர் தளும்புகிற சத்தம் எனக்குக் கேட்டது.

திருப்பதியில் காலேஜுக்குப் போகும் முன் அக்கா ஒரு கோழிக்கடையில் நின்றாள். தன் பையிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து ஒரு சொட்டு ரத்தம் கேட்டாள். கடைக்காரர் தெலுங்கில் சிரித்தார். பெரும்பாலும் கறிதான் கேட்பார்கள் என்றார். அக்கா சொட்டைக் கண்ணாடியில் இழுத்துத் தேய்த்துக் காயவிட்டாள்.

ஆய்வகத்தில் ஸ்பிரிட் வாடை. நீளமான கல் மேசைகள், கண்ணாடி ஜாடிகளில் தவளை, பாம்பு. மேடம் தெலுங்குக்காரர். புத்தூர்ப் பக்கம் என்பதால் தமிழ் வந்தது. ஒல்லியாக, வெள்ளைக் கோட்டில் இருந்தார். எதற்காக வந்திருக்கிறோம் என்று அக்கா சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. சின்னம்மாவின் மடியிலிருந்த பையை ஒருமுறை பார்த்தார்.

"மனுஷ ரத்தம் யாரு தர்றீங்க?" என்று கேட்டார்.

பெரியநைனா கட்டை விரலை நீட்டினார். ஊசி குத்தியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டிபன் டப்பாவிலிருந்து ஒரு கம்பி நுனியளவு சிவப்பை எடுத்து மூன்றாவது கண்ணாடியில் மேடம் பரப்பினார். மூன்றிலும் சாயம் விட்டு, கழுவி, காயவைத்தார்.

முதலில் கோழி. ஒவ்வொருவராகப் பார்த்தோம். என்னை முக்காலியில் ஏற்றிவிட்டார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். நீள்வட்டமாக நூற்றுக்கணக்கில் கிடந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் கறுநீலமாக ஒரு பொட்டு. கண்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. இமைக்காத கண்கள் எல்லாம் என்னையே பார்த்தன. நான் தலையை இழுத்துக்கொண்டேன்.

அடுத்தது பெரியநைனா. வட்ட வட்டமாக இருந்தன. நடுவில் எதுவும் இல்லை. வெளிறிப் போயிருந்தது. எங்கோ ஓரிடத்தில் மட்டும் பெரிதாக ஒன்று, உள்ளே நீலக் கருவோடு. அது வெள்ளை அணு, அதற்குக் கரு உண்டு என்றார் மேடம்.

மூன்றாவதைப் பார்க்க மேடம் வேறு லென்ஸ் திருப்பி, கண்ணாடியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். வெகுநேரம் திருகைத் திருகிக்கொண்டிருந்தார். பெரியநைனா விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு நின்றார். சின்னம்மா உட்கார்ந்த இடத்தில் அசையவில்லை.

"இதி ரக்தம் காது," என்றார் மேடம் கடைசியில். "ரத்தமே இல்ல. கோழியும் இல்ல, மனுஷனும் இல்ல."

நான் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. எண்ண முடியாத அளவுக்குச் சின்னச் சின்னக் குச்சிகள், அரிசி நொறுங்கலைவிடப் பொடியாக. உள்ளே பொட்டு இல்லை. ஒன்றுக்கும் ஒரு முகம் இல்லை.

"பாக்டீரியா," என்றாள் அக்கா. அவள் குரலில் சந்தோஷம். "புரோகேரியோட். நியூக்ளியஸ் ஆப்சென்ட். நைனா, இது ஒரு உசுரு. சோத்துல வளர்ந்திருக்கு. அதான் நாளுக்கு நாள் பெருசாச்சி. கூட்டமா இருந்தா செகப்பா தெரியும். சின்னம்மா ஒண்ணுமே பண்ணல."

பெரியநைனா இலேசில் விடுகிற ஆள் இல்லை. "என் ரத்தத்துலயும்தான் கரு இல்லன்னியே. அப்ப நானும் இதுவும் ஒரே ஜாதியா?"

மேடம் முதல்முறையாகச் சிரித்தார். "உங்க செல்லுக்கு முதல்ல கரு இருந்துச்சு. எலும்புக்குள்ள உருவாகும்போது இருக்கும். வெளிய வரும்போது அதைத் தள்ளிட்டு வருது. இதுக்கு எப்பவும் இருந்ததே இல்ல. இருந்து போனது வேற, இல்லாமலே இருக்கறது வேற."

சின்னம்மா அப்போதுதான் வாய் திறந்தாள். "இதுக்கு சாவு உண்டா மேடம்?"

"காய்ச்சினா சாவும். மருந்து போட்டா சாவும்."

"அதுவா சாவாதா?"

அக்கா முந்திக்கொண்டாள். "ஒண்ணு ரெண்டாவும் சின்னம்மா. ரெண்டு நாலாவும். அப்பா, அம்மா, புள்ள எதுவும் கெடயாது. எது பழசு, எது புதுசுன்னு பிரிக்கவே முடியாது."

"அப்ப மொதல்ல இருந்தது?"

"அதுதான் இது எல்லாமே."

சின்னம்மா தலையாட்டினாள். "எங்கேர்ந்து வருது?" என்றாள்.

"ஈரம் இருக்கற எடத்துல எல்லாம் இருக்கும்மா," என்றார் மேடம். "குழாய் வாயி, பாத்ரூம் மூலை. சில எடத்துல ரோஸ் கலர்ல வழவழன்னு படிஞ்சிருக்குமே, பாத்திருப்பீங்க."

"பாட்டில்ல இருக்குமா?"

"கழுவாம தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தா இருக்கும்."

"அந்த தண்ணில காத்து வுட்டு, அத்த ஒருத்தரு இழுத்தா?"

அக்கா சிரித்தாள். "எவ்ளோ சின்னதுன்னு பாத்தியே, காத்தோட ஜம்முனு போவும்."

மேடம் சிரிக்கவில்லை. கையில் இருந்த எண்ணெய்ச் சீசாவை மேசையில் வைத்தார். "நல்லா இருக்கறவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது," என்றார் நிதானமாக. "நெஞ்சு கெட்டுப்போனவங்களுக்கு ஆகாது. ஆஸ்பத்திரியில அதனாலதான் சொல்லுவாங்க, தினம் கழுவணும், காய்ச்சி ஆறவெச்ச தண்ணிதான் ஊத்தணும்னு. ஏம்மா கேக்கறீங்க?"

"சும்மாதான்," என்றாள் சின்னம்மா.

பெரியநைனா விரலிலிருந்து பஞ்சை எடுத்தார். அதில் சிவப்பாக ஒரு புள்ளி. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ரத்தம் நின்றுபோய் நெடுநேரம் ஆகியும் மறுபடி பஞ்சை வைத்து அழுத்தினார். மேடம் டிபன் டப்பாவை வாங்கி, உள்ளே மருந்து ஊற்றி மூடி, இதைத் திரும்பக் கொண்டுபோக வேண்டாம் என்றார்.

எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. சின்னம்மா ஒன்றும் செய்யவில்லை என்று காலேஜே சொல்லிவிட்டது. இனி அவள் எங்கேயும் போக வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது நான் அவள் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே போனேன். அவள் கை நான் ஆட்டின பக்கமெல்லாம் ஆடியது. அக்கா விடுதிக்குத் திரும்பிவிட்டாள். போகும்போது, ஊருக்குப் போய் எல்லோருக்கும் சொல்லு, பாக்டீரியா என்று சொல்லு என்று எனக்கு அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்தாள்.

பெரியநைனா தாமாகவே சின்னம்மாவின் பையை வாங்கித் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் பெண்களின் பையைத் தூக்கி நான் பார்த்ததில்லை. பாகாலா பஸ் நிற்கிற இடத்துக்கு அவர் திரும்பியபோது சின்னம்மா நின்றுவிட்டாள். எதிர்ப்பக்கம் புத்தூர் பஸ் உறுமிக்கொண்டிருந்தது.

"பைய குடுங்க மாமா."

"எதுக்கு? அதான் நீ ஒண்ணும் பண்ணலன்னு ஆயிடுச்சே. வூட்டுக்கு வா. எம் பொண்டாட்டி பேசினத நான் பாத்துக்கறேன்."

"யாரு பண்ணதுன்னு தெரிஞ்சிபோச்சி. குடுங்க."

பெரியநைனா பையைக் கொடுக்கவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டார். அவருக்கு வியர்த்திருந்தது.

"அந்த மிஷின்காரன்," என்று ஆரம்பித்தார். "அன்னிக்கி வாசல்ல நின்னுக்கினு எங்கிட்டதான்..."

"உங்ககிட்ட இன்னா?"

கண்டக்டர் வடமாலபேட்டை, புத்தூர் என்று கத்தினான். பெரியநைனா என்னைப் பார்த்தார். ஏன் என்னைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு வாசற்படியில் அவர் காலடியில் அட்டைப்பெட்டியைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான்தான் என்பது அவருக்கு நினைவு வந்திருக்கலாம்.

"ஒண்ணுமில்ல," என்றார். பையைக் கொடுத்துவிட்டார்.

சின்னநைனாவின் நெஞ்சு கல்தூளால் முன்பே மூடிவிட்டிருந்தது. பாட்டில் இருந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் போயிருப்பார் என்று அவருடைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பார்த்த ஒரு டாக்டர் பல வருஷங்களுக்குப் பிறகு எனக்குச் சொன்னார். கடைசிக் காய்ச்சல் எதனால் வந்தது என்று அப்போது யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, இனிமேல் சொல்லவும் முடியாது என்றும் சொன்னார். அந்த இரண்டு வாக்கியங்களில் எதைச் சொல்லவும் அன்றைக்குப் புத்தூர் பஸ் நின்ற இடத்தில் யாரும் இல்லை. மூன்றாவதாகச் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வாக்கியம் பெரியநைனாவிடம் இருந்தது. சாகும்வரை அவரிடமே இருந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கோபித்துக்கொண்டு போகிறாள், கோபம் தீர்ந்ததும் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அழக்கூடத் தோன்றவில்லை. பஸ்ஸின் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அவள் பையைக் காலடியில் சாய்த்து வைத்தாள். அவள் மட்டும் தனியாகப் போகவில்லை, சின்னநைனாவின் பாட்டிலும் கூடப் போகிறது என்பது எனக்கு ஒரு ஆறுதலாக இருந்தது. ஆனால் மூடி சரியாகத் திருகியிருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. ஊதினால் சத்தம் வர வேண்டுமானால் தண்ணீர் வேண்டுமே.

"சின்னம்மா, பைய நேரா வெச்சிக்கோ," என்று ஜன்னலுக்குக் கீழே நின்று சொன்னேன். "தண்ணி கொட்டிடும்."

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு குனிந்து பையை எடுத்து, மடியில் நிமிர்த்தி வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பஸ் கிளம்பியது.